பொருத்தம்

அப்புத்தளையில் மூன்றரை மணிக்கே
மூடுபனி உள்ளே வந்து நாற்காலி கேட்கும்.
பழைய துரை பங்களா, இப்போது ஹோட்டல்.
துரையின் குதிரை நின்ற இடத்தில் பார்.

மதாம் ஹில்ட பெல்ஜியத்துப் பெட்டியைத் திறந்து
வைக்கோலை விலக்கினார்.
ஐந்து போத்தல், ஐந்து உயரம்,
இரண்டுக்குக் கழுத்தில் கம்பிக் கட்டு.
சனிக்கிழமை விருந்தாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம் வேண்டும்,
இந்த மலையில் காய்த்ததாக.

சுமனபால ஊற்றுவான், நான் நறுக்குவேன்.
பாரின் படியை நான் தாண்டப்படாது,
பெண்பிள்ளைக்கு அங்கே வேலையில்லையாம்.
ஆகவே குசினி ஜன்னலால்
விரலளவு கிளாஸ் வரும்.
நுரை இறங்குமுன் பதில் சொல்ல வேண்டும்.

குடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
தேயிலை பெக்டரியில் எட்டு வருஷம்
ருசி பார்க்கிற ஐயாவுக்குக் கோப்பை அடுக்கியவள் நான்.
சத்தமாய் உறிஞ்சு, நாக்கோரம் சுழற்று,
தொட்டியில் துப்பு.
ஒரு போத்தல் விலை மூன்று நாள் கொழுந்து.
அதையும் துப்பினேன்.

முதலாவது கலங்கல், கஞ்சித்தண்ணி நிறம்.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால்
கொத்தமல்லி!
தடிமனுக்கு அவிக்கிற அதே கொத்தமல்லி,
கூடவே காய்ந்த தோடம்பழத் தோல்.
பப்பாசி வைத்தேன், அது வாயை மூடிக்கொண்டது.
பெஷன்புரூட் வைத்தேன்.
இரண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின,
வெலிமடை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட் மாதிரி.

அடுத்தது கறுப்பு.
மடத்துச் சாமிமார் காய்ச்சியதாம், அதிகம் பேசாதவர்கள்.
கருகின சீனி, முந்திரிகை வத்தல்.
குப்பைக்குப் போக இருந்த
தோல் கறுத்த ஆனைவாழையை வெட்டினேன்.
மதாம் கண்ணை மூடினார்.

பொன்னிறத்துக்குப் பேரிக்காய்.
பியருக்கு பியர்ஸ், பியருக்கு பியர்ஸ் என்று
சுமனபால சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
மூன்றாம் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

நாலாவது புளிப்பு.
ஜன்னலைத் திறந்து போட்டு
ராத்திரிக் காற்றில் வருவதை வரவிடுவார்களாம்.
கித்துள் முட்டியும் யாரைக் கேட்டுப் புளிக்கிறது?
மரத்தக்காளி, புளிப்போடு புளிப்பு, ரஜ்ஜு தட்டியது.
அன்னாசி சண்டை பிடித்தது.
கடைசியில், வேண்டாவெறுப்பாய், பட்டர்புரூட்,
ஒரு கிள்ளு உப்போடு.
சாத்திரத்தில் ஒரு பொருத்தமும் இல்லை.
ஒன்றை மற்றது விடவேயில்லை.

எனக்குப் பார்த்தபோது பத்துக்கு எட்டு.
கொட்டகலை ஐயரே வாய்விட்டுச் சொன்னார்.
புவிராஜ் கட்டார் போனான்,
எட்டும் அவனோடு போனது.
மற்ற இரண்டும் எவையென்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சம்பளக் கிழமை லயத்தில்
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே மணம் வரும்.
அதற்குச் சேர்கிற பழம் எனக்குத் தெரியாது.
ஊறுகாய். இல்லாவிட்டால் உதை.

ஐந்தாவதைத் திறந்தார்கள்.
உள்ளேயே பழம் இருந்தது,
செரி, மாதக்கணக்காய் ஊறி
எது பழம் எது பியர் என்று பிரிக்க முடியாமல்.
இதற்குத் துணை வேண்டாம் என்றேன்.
அட்டையில் அந்த இடத்தை வெறுமையாய் விடுங்கள்.

மேனேஜர் ஸ்ட்ரோபெரி என்று அடித்துவிட்டார்.
சிவப்புக்குச் சிவப்பு, போட்டோவுக்கு நல்லதாம்.

பத்தரைக்குத் தட்டுகள் திரும்பி வந்தன.
பட்டர்புரூட் கோதுகூட வழித்திருந்தது.
ஸ்ட்ரோபெரியை ஒருவரும் தொடவில்லை.
கடதாசிப் பையில் கொட்டி எடுத்துக்கொண்டு
சந்தியில் நின்றேன்.
நுவரெலியாக் காய், பாதி தண்ணி,
எதனோடும் சேராமல்
ஒவ்வொன்றாய்த் தின்றேன்.
பனிக்குள் பஸ் வெளிச்சம் தெரியும்வரை
தீரவில்லை.